ஐந்தில் இரண்டு

1952ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சென்னை சர்க்கார் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தார்கள். அப்போது ராஜாஜி முதல் மந்திரி. சாகுபடிதாரனுக்கு மொத்த மகசூலில் ஐந்தில் இரண்டு பங்கு உரியது என்பது அதன் முக்கியமான விதி. நான்கு வருஷம் கழித்து, 1956ல், நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. அதன்படி நன்செய் நிலத்தில் நிலச்சொந்தக்காரர் பெறத்தக்கது மொத்த மகசூலில் நூற்றுக்கு நாற்பது. நூற்றுக்கு நாற்பதும் ஐந்தில் இரண்டும் ஒன்றே. முதற் சட்டத்தில் உழுதவன் பக்கத்திலிருந்த ஐந்தில் இரண்டு, அடுத்த சட்டத்தில் நிலத்துக்குடையவர் பக்கம் போயிற்று. மிச்சமான ஐந்தில் மூன்று உழுதவன் பக்கம் வந்தது. களத்து மேட்டில் நின்று, இந்த வித்தியாசத்தை நெற்குவியலாகத் தன் மனக்கண்ணில் காணக்கூடியவனுக்கே அந்தச் சட்டம் சட்டமாகும். மேலே இரண்டு, நடுவே கோடு, கீழே ஐந்து என்று சிலேட்டில் எழுத மட்டும் கற்றவனுக்கு அது அச்சடித்த காகிதம்.

நாம் இன்று எழுதப் புகுந்தது குத்தகையைப் பற்றியன்று. ஆரம்பப் பாடசாலைகளில் பாலர்களுக்குக் கணக்குக் கற்பிக்கும் முறையைப் பற்றியே எழுதுகிறோம். ஆனால் கீழ்வேளூர்ப் பக்கத்து மனிதர்களுக்கு இவ்விரண்டும் வேறு வேறு விஷயங்களாகத் தோன்றமாட்டா. திருவாரூரிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் போகும் ரயில் பாதையில், கேடிலியப்பர் மாடக்கோயிலைச் சுற்றி எழுந்த அவ்வூரின் நாலா திசையிலும் நன்செய். 1991 வரையில் தஞ்சாவூர் ஜில்லாவிலும், அதன் பின் நாகப்பட்டினம் ஜில்லாவிலும் அடங்கிய பூமி. அங்கே மரக்காலும் படியும் வெறும் பாத்திரங்களாக இருந்ததில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அவ்வூர்ப் பக்கத்துக் கீழ்வெண்மணியில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அக்கொடுமைக்கு முன் நடந்த தகராறின் வேரில் இருந்தது, அறுவடைக் கூலி நெல்லின் அளவு. அளவு என்ற சொல்லுக்கு இத்தனை விலை கொடுத்த பிரதேசத்தில், அளவைப் பற்றிய சாஸ்திரம் பிள்ளைகளுக்கு எவ்வாறு போதிக்கப்படுகிறது என்று விசாரிப்பது, ஊருக்கு உழைக்க முன்வந்தவர்களின் கடமைகளுள் ஒன்று என்றே நாம் கருதுகிறோம்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் 52லிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். அநேக வகுப்பறைகளில் சிலருடைய சிலேட்டில் 35 என்ற விடை நிற்கும். இதைக் கண்ட உபாத்தியாயர் தப்பென்று கோடு கிழித்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். கொஞ்சம் நின்று பார்ப்போமானால் அந்தச் சிறுமி அசட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை என்பது விளங்கும். ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. ஏழும் இரண்டுமாகிய இலக்கங்களில் பெரியதிலிருந்து சிறியது போனால் ஐந்து. சிறியதைப் பெரியதிலிருந்து கழிக்கவேண்டும் என்று முன்பு யாரோ சொன்ன விதியை அவள் உண்மையாக அநுசரித்திருக்கிறாள். விதி இருந்தது, 52 என்பது ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்ற அறிவு இல்லை. ஆகையால் ஐந்தும் இரண்டும் அவளுக்குப் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களாகத் தோன்றினவேயன்றி ஒரே எண்ணின் அங்கங்களாகத் தோன்றவில்லை.

இதற்கு நம் பாடசாலைகளில் வழங்கும் பரிகாரம், "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்பது. தஞ்சை ஜில்லாக் குடியானவனின் பிள்ளைக்குக் கடன் என்னும் சொல் புதிதன்று. ஆனால் திருப்பிக் கொடுக்கப்படாததும், வட்டியில்லாததும், கொடுத்தவன் கேட்டு வாசலுக்கு வராததுமான இந்தக் கடனைப் பற்றி அவன் வீட்டில் ஒருவரும் அவனுக்குச் சொன்னதில்லை! உண்மையில் அங்கே ஒருவரும் ஒருவரிடமும் கடன் வாங்குவதில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து ஈர்க்குக் கட்டுகளும் இரண்டு உதிரி ஈர்க்குகளும் பிள்ளையின் முன் இருக்கின்றன. இருபத்தேழு எடுத்துக் கொடுக்கவேண்டும். உதிரி இரண்டுதான் இருக்கிறது, போதவில்லை. பிள்ளை தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கிறது. இப்போது நாலு கட்டும் பன்னிரண்டு உதிரியும். அவற்றில் இரண்டு கட்டும் ஏழு உதிரியும் போனால் மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து உதிரி. நடந்தது கட்டு அவிழ்த்தல். அல்லது, கடைத்தெருப் பாஷையில், சில்லறை மாற்றுதல். இதைப் பத்து நாள் கையால் செய்த பிள்ளைக்குச் சிலேட்டில் ஐந்தை அடித்து நாலு என்று எழுதும்போது தான் என்ன செய்கிறோம் என்று தெரியும்.

வேறொரு பையன் ஈர்க்கைத் தொடாமலே, "இருபத்தேழுக்கு மூன்று போட்டால் முப்பது; முப்பதிலிருந்து ஐம்பத்திரண்டுக்கு இருபத்திரண்டு; ஆக இருபத்தைந்து" என்று சொல்லக்கூடும். இது மளிகைக் கடைக்காரர் பாக்கி கொடுக்கும் கணக்கு. அவன் கடைக்குப் போய்ப் போய்க் கற்றது. அதைத் தப்பென்று சொல்லும் உபாத்தியாயர் அவனுடைய புத்தியின் மீதே கோடு கிழிக்கிறார். இரண்டு பிள்ளைகளையும் எழுந்து நின்று தத்தம் வழியைச் சொல்லும்படி செய்து, இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தது ஏன் என்று வகுப்பைக் கேட்பவரே கணக்குக் கற்பிப்பவர். அரைமணி நேரம் இதிலேயே போய்விடும் என்பது மெய். அந்த அரைமணியில் இருபது கணக்குகள் போட்டிருக்கலாம் என்பதும் மெய். இருபது கணக்குகளையும் அதே தப்போடு போட்டிருப்பார்கள்.

சீன தேசத்து உபாத்தியாயர்களையும் அமெரிக்க உபாத்தியாயர்களையும் ஒப்பிட்டு லிபிங் மா என்ற பெண்மணி 1999ல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்கர் 23 பேர், சீனர் 72 பேர். இதே கழித்தலை எவ்வாறு கற்பிப்பீர்கள் என்று அவர்களைக் கேட்டார். அமெரிக்கரில் பெரும்பாலோர் கடன் வாங்கும் முறையையே விவரித்தார்கள். சீனரில் மிகுதியானவர்களோ, மேலிடத்து அலகு ஒன்றைக் கீழிடத்து அலகுகளாகப் பிரிப்பது என்ற கருத்தை முன்வைத்தார்கள். அமெரிக்க உபாத்தியாயர்கள் அதிகப் படிப்புப் படித்துப் பட்டம் பெற்றவர்கள்; சீன உபாத்தியாயர்களோ அவ்வளவு வருஷம் படியாதவர்கள். எனினும் சிறு பிள்ளைகளின் கணக்கை அடிவரை அறிந்திருந்தவர்கள் அவர்களே. ஆரம்பக் கணக்கு எளிதென்றும், யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுக்கலாமென்றும் நினைக்கும் நம்மவர்கள் இதைச் சற்றே ஆலோசிக்க வேண்டும்.

நம் நாட்டு நிலை என்ன? பிரதம் என்னும் தொண்டு ஸ்தாபனத்தார் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைச் சோதித்து வெளியிடும் ஏசர் அறிக்கையின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்காவது செய்யக்கூடியவர்கள் 2018ல் நூற்றுக்கு 25.9; 2022ல் நூற்றுக்கு 11.2. இந்தியா முழுவதற்கும் அதே வருஷங்களில் 28.2, 25.9. கொள்ளைநோயால் 2020 மார்ச்சில் அடைபட்ட பள்ளிகளில் தமிழ்நாட்டின் கீழ்வகுப்புகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன; ஆகையால் 2022ஆம் வருஷத்து வீழ்ச்சிக்குச் சமாதானம் உண்டு. 2024ஆம் வருஷத்து அறிக்கையில் நிலைமை சீர்ப்பட்டிருப்பதும் நமக்குத் திருப்தியே. ஆனால் நோய் வருமுன் 2018லேயே நாலு பிள்ளைகளில் மூன்று பேருக்குக் கழித்தல் வரவில்லையே, அதற்கு என்ன சமாதானம்? கும்பகோணத்தில் படித்து வளர்ந்த இராமாநுஜத்தின் பிறந்த நாளாகிய டிசம்பர் 22ஐ வருஷந்தோறும் மாலை மரியாதைகளுடன் கொண்டாடுகிறோம். அவருடைய படத்துக்கு நேரே கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கதி இது.

இதில் நமக்கு அதிக வருத்தம் தருவது, கருவிகள் யாவும் நம் கையிலேயே இருப்பதுதான். முதலாவது, நமது பாஷை. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபத்தைந்து என்றால் இரண்டு பத்தும் ஐந்தும். தமிழ்க் குழந்தை எண்ணின் பெயரைச் சொல்லும்போதே அதன் கட்டுமானத்தையும் சொல்லிவிடுகிறது. இங்கிலீஷில் 'இலெவன்', 'டுவெல்வ்' என்று சொல்லும் குழந்தைக்கு அவற்றுள் பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று யார் சொல்வது? நம்மிடத்தும் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்னும் இரண்டு பெயர்கள் ஒன்பது பத்து, ஒன்பது நூறு என்று நேராகச் சொல்லாமல் அடுத்த படியாகிய நூறையும் ஆயிரத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பிள்ளைகள் எண்பத்தொன்பதுக்குப் பிறகு திணறுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அந்த இடத்தில் உபாத்தியாயர் கொஞ்சம் நின்று போனால் போதும். பழைய தமிழ் இலக்கங்கள் இன்னும் விசேஷமானவை. இருபத்தைந்தை ௨௰௫ என்று எழுதினார்கள். இரண்டு, பத்து, ஐந்து என்று மூன்று குறிகளும் வெளிப்படையாகத் தெரியும். பூஜ்யத்தை வைத்து இடத்தால் மதிப்பறியும் இன்றைய முறை அதைவிடச் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மறைந்து நிற்கும் பத்தை ஒரு தடவையாவது பிள்ளையின் கண்ணுக்குக் காட்ட அந்தப் பழைய எழுத்து எவ்வளவு உதவும்!

சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகளில் 2012-13 முதல் இங்கிலீஷ் வழி வகுப்புகள் பெருகியிருக்கின்றன. பெற்றோர் விரும்பிச் சேர்க்கிறார்கள். இங்கிலீஷ் கூடாதென்பது நம் கட்சியன்று. கணக்கு இன்னதென்று விளங்கும் வயதில், வீட்டில் பேசாத பாஷையின் மூலமாக அதை விளக்க முயல்வது, பிள்ளையின் இரண்டு கண்களையும் கட்டிவிட்டு ஆற்றங்கரையில் நடக்கச் சொல்வதாகும் என்றுதான் சொல்லுகிறோம். முதல் மூன்று வகுப்புகளிலாவது, புஸ்தகம் எந்தப் பாஷையில் இருந்தாலும், பேச்சு தமிழில் நடக்கட்டும்.

பின்னங்களின் விஷயம் இதைவிடச் சுவையானது. தமிழில் நாம் ஐந்தில் இரண்டு என்கிறோம். முதலில் முழுமையை ஐந்தாக்கு, பிறகு இரண்டை எடு என்று செய்ய வேண்டிய காரியத்தின் வரிசையிலேயே சொல் அமைந்திருக்கிறது. மூன்றில் ஒன்று பெரிதா, ஐந்தில் ஒன்று பெரிதா என்று கேட்டால், மூன்றைவிட ஐந்து பெரிது என்ற நினைப்பில் ஐந்தில் ஒன்றுதான் பெரிது என்று சொல்லும் பிள்ளைகள் அநேகர். பதினைந்து மரக்கால் நெல்லைக் களத்தில் கொட்டி மூன்று குவியலாகவும், பிறகு அதையே ஐந்து குவியலாகவும் பிரித்துப் பார்த்தவனுக்கு அந்தத் தப்பு வராது. மூன்றில் ஒன்று ஐந்து மரக்கால். ஐந்தில் ஒன்று மூன்று மரக்கால். ஐந்தில் இரண்டோ ஆறு மரக்கால். பங்கு கூடக் கூடப் பங்கின் அளவு குறையும் என்பதைப் பாகப்பிரிவினை கண்ட எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் ஒரு நொடியில் ஒப்புக்கொள்ளும்.

அரை, கால், அரைக்கால், வீசம் என்று நம் முன்னோர் வைத்த பெயர்களைப் பாருங்கள். ஒரு காகிதத்தை ஒரு தடவை மடித்தால் அரை. இரண்டு தடவை மடித்தால் கால். மூன்று தடவையில் அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. நாலாம் மடிப்பில் வீசம், பதினாறில் ஒன்று. மற்றொரு வரிசை மா, காணி, முந்திரி. மா இருபதில் ஒன்று; அதில் கால் காணி, எண்பதில் ஒன்று; அதில் கால் முந்திரி, முந்நூற்றிருபதில் ஒன்று. இந்த மா என்பது நம் டெல்டாக் குடியானவன் தினந்தோறும் வாயால் சொல்லும் சொல். நிலக் கணக்கில் இருபது மா ஒரு வேலி. வேலியின் இருபதில் ஒன்றாதலால் அதன் பெயரும் மா! நிலத்தின் பெயரும் பின்னத்தின் பெயரும் ஒன்றாயிருக்கும் ஊரில், நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லை என்றால் குற்றம் பிள்ளையினுடையதா?

பன்னிரண்டு அடி நீளமுள்ள ஒரு கயிறு போதும். பள்ளிக்கூட வெளியில் அதை நாலு பக்கமும் வைத்துக் கோடு போட்டால் ஒரு குழி; 144 சதுர அடி. பத்துக் கயிறு நீளம், பத்துக் கயிறு அகலம் நூறு குழி. அதுவே ஒரு மா. பிள்ளைகள் அதன் எல்லையைச் சுற்றி நடந்து வரட்டும். மூன்று மா ஓர் ஏக்கர் என்று தகப்பன்மார் சொல்வார்கள். 14,400ஐ மூன்றால் பெருக்கினால் 43,200. ஏக்கருக்கோ 43,560 சதுர அடி. இரண்டரைக் குழி குறைகிறது. தகப்பன் சொன்ன கணக்கில் இரண்டரைக் குழி குறைகிறது என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்து வீட்டுக்குப் போய்ச் சொல்லும் நாள் அதன் ஆயுளில் மறக்கத்தகாத நாள். சட்டம் எழுதியவர்களும் இந்த மூன்று மாக் கணக்கையே ஒப்புக்கொண்டார்கள். 1952ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு வேலியை, அதாவது 6⅔ ஏக்கரை, எல்லையாக வைத்து அதற்குக் குறைந்த நிலமுடையவர்களை விலக்கியது. இருபதை மூன்றால் வகுத்துப் பார்த்தால் அந்த மூன்றில் இரண்டு எங்கிருந்து வந்ததென்று தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகு, பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்கே திரும்பிப் போகலாமே என்று சில அன்பர்கள் சொல்லக்கூடும். அவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாயிற்று. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று வாய்பாடுகள் வரிசையாக இருந்தன. மணலில் விரலால் எழுதினார்கள். சட்டாம்பிள்ளை சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து, 1797ல் லண்டனில் புஸ்தகம் போட்டு, இங்கிலாந்துக்கே கற்றுக்கொடுத்தார். இவையெல்லாம் நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்? பெண் குழந்தைகள் அநேகமாக இல்லை. சேரிப் பிள்ளைகள் அறவே இல்லை. மணியக்காரர் வீட்டிலும் கர்ணம் வீட்டிலும் மிராசுதார் வீட்டிலும் குழிமாற்று தெரிந்திருந்தது. குழியில் இறங்கி உழுதவன் வீட்டில் தெரியவில்லை. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று ஒரு பழமொழி உண்டு. உழவன் கணக்குப் பார்க்காமலே இருந்துவிடுவது யாருக்கு அநுகூலமாக இருந்தது என்று அப்பழமொழியைச் சொல்பவர்கள் ஒரு நிமிஷம் யோசிப்பது நலம்.

அன்றியும், அந்தக் கணிதத்திலேயே காரணம் சொல்லாத சூத்திரங்கள் பலவுண்டு. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி ஒன்று இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைத் தொகை வருமாம். ஏன் ஆறு, ஏன் ஐந்து என்று நூல் சொல்லவில்லை; கேட்ட பிள்ளைக்குப் பிரம்புதான் கிடைத்திருக்கும். இச்சூத்திரத்தை நாம் வேறு விதமாக உபயோகிக்கலாம். ஆனி மாதத்தில் இரண்டு பலாப்பழம் வாங்கி வகுப்பின் நடுவே வைத்து, முள்ளை எண்ணி, கணக்கிட்டு, விடையைக் கரும்பலகையில் எழுதிய பிறகு அறுத்துச் சுளைகளை எண்ணிப் பார்க்கட்டும். சரியாக வந்தாலும் தப்பாக வந்தாலும் பிள்ளைகளுக்கு லாபமே, சுளையும் கிடைக்கும். மனப்பாடம் வேண்டாம் என்று நாம் சொல்வதாக நினைக்கவேண்டாம். பத்தாம் வாய்பாடு வரையில் நெட்டுருவாகத் தெரியாதவன் ஒவ்வொரு அடியிலும் தடுக்கி விழுவான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை மறந்துவிட்ட நாளில், ஏழைந்து முப்பத்தைந்து, ஏழுமூன்று இருபத்தொன்று என்று கூட்டித் தானே கட்டிக்கொள்ளத் தெரிந்தவனுக்கு நெட்டுருவும் தங்கும்.

மகாத்மா காந்தி 1937 அக்டோபரில் வார்தாவில் கூட்டிய மகாநாட்டின் நோக்கங்களில் இதுவும் ஒன்று: பிள்ளையின் கை எதைச் செய்கிறதோ அதிலிருந்தே எண்ணும் எழுத்தும் பிறக்கவேண்டும் என்பது. அதன் பின் அமைந்த ஜாகிர் ஹுசேன் கமிட்டியின் கன்வீனராக இருந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழராகிய ஆரியநாயகம். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் அக்கமிட்டியில் இருந்தார். நூற்ற நூலை எண்ணும் பிள்ளை கூட்டலைக் கற்றது. இம்முறையின் மீது நமக்குள்ள பக்தி பெரிது. ஆனால் இந்த நாட்டில் அதற்கு நேர்ந்த ஒரு விபத்தையும் மறக்கலாகாது. 1953ல் சென்னை ராஜ்யத்தில், பாதி நாள் பள்ளியிலும் மிச்சப் பொழுது குடும்பத் தொழிலிலும் பிள்ளைகள் பழகவேண்டும் என்ற திட்டம் வந்தது. குலக்கல்வி என்று ஜனங்கள் அதை வெறுத்தார்கள். 1954ல் காமராஜ் மந்திரிசபை அதைக் கைவிட்டது. அந்த வெறுப்பில் நியாயம் இருந்தது. மரக்காலைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரும்படி நாம் சொல்வது, பண்ணையாளின் பேரன் என்றைக்கும் மரக்காலோடு கிடக்கவேண்டும் என்பதற்காக அன்று. தெரிந்த பொருளிலிருந்து தெரியாத எண்ணுக்கு அவன் ஏறிப்போவதற்காக. மிராசுதாரின் பேத்தியும் அதே மரக்காலால் அதே தரையில் உட்கார்ந்து அளக்கவேண்டும். ஒரு ஜாதிப் பிள்ளைகளுக்குப் படியும் மற்றொரு ஜாதிப் பிள்ளைகளுக்குப் புஸ்தகமும் என்று ஆகுமானால் அந்தப் படியைக் குளத்தில் எறிந்துவிடலாம்.

எங்கே ஏறிப்போவது என்பதற்கு ஓர் உதாரணம். கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் நூற்றுக்கு 17 வரையில் இருக்கலாம் என்பது பொதுவான விதி. மழை பிடித்துக்கொண்ட வருஷங்களில் அதை 22 வரை உயர்த்தவேண்டும் என்று விவசாயிகள் கோருவது வழக்கம். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் எத்தனை கிலோ நிற்கும்? படித்தவர்களைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் 95 என்பார்கள். 22லிருந்து 17 போனால் ஐந்து அல்லவா! உண்மையில் தண்ணீர் நீங்கலாக உள்ள 78 கிலோ மாறாமல் அப்படியே இருக்கிறது. அந்த 78, காய்ந்த நெல்லில் நூற்றுக்கு 83 ஆகவேண்டும். கணக்கிட்டால் வருவது ஏறக்குறைய 94. ஒரு குவிண்டாலுக்கு ஒரு கிலோ நம் கணக்கறியாமையிலேயே ஆவியாகிவிடுகிறது. இது ஆரம்ப வகுப்புக்குரிய கணக்கன்று. ஆனால் நூற்றுக்கு இத்தனை என்றால் எந்த நூற்றுக்கு என்று கேட்கும் புத்தி, ஐந்தில் இரண்டு என்றால் எதன் ஐந்தில் என்று எட்டு வயதில் கேட்டுப் பழகியவனுக்கே வரும்.

உபாத்தியாயர்கள் மீது பழி போட்டுவிட்டு நாம் விலகிக்கொள்ளப் போவதில்லை. 2022 ஜூனில் சர்க்கார் தொடங்கிய எண்ணும் எழுத்தும் இயக்கம் நல்ல காரியம். முதல் மூன்று வகுப்புகளில் ஆரம்பித்துப் பின்னர் ஐந்தாம் வகுப்பு வரையில் விரிந்திருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையறிந்து பிரித்து, பாட்டும் விளையாட்டும் பொருள்களும் கொடுத்துக் கற்பிக்கும் கருத்தை நாம் முழு மனத்தோடு வரவேற்கிறோம். காலைப் பசியோடு வரும் பிள்ளை எண்ணுவது கஞ்சி வேளையைத்தான் என்பதையும் உணர்ந்து, 2023 ஆகஸ்டு 25ந் தேதி இதே நாகப்பட்டினம் ஜில்லாத் திருக்குவளையில், காலைச் சிற்றுண்டித் திட்டத்தை ராஜ்யம் முழுவதுமுள்ள சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கு விஸ்தரித்தார்கள். ஆனால் இரண்டு உபாத்தியாயர்கள் ஐந்து வகுப்புகளைச் சமாளிக்கும் பள்ளிகள் இன்னும் அநேகம். அந்த இரண்டு பேரும் செயலியில் விவரம் ஏற்றவும், பதிவேடு நிரப்பவும், மேலதிகாரி கேட்ட புள்ளியை அன்றைக்கே அனுப்பவும் செலவிடும் பொழுது, பிள்ளையின் சிலேட்டருகே குனிந்து, "இது எப்படி வந்தது, சொல்லு பார்க்கலாம்" என்று கேட்கவேண்டிய பொழுது. எத்தனை பிள்ளைகள் மலர் நிலைக்கு வந்தார்கள் என்று தலைநகருக்கு எண்ணிச் சொல்லும் வேலையில், பிள்ளைகளுக்கு எண்ணக் கற்பிக்கும் வேலை பின்தங்கலாமா? கணக்கு எழுதும் பாரத்தைக் குறைத்து, பள்ளி ஒன்றுக்கு ஓர் உபாத்தியாயரையாவது சர்க்கார் அதிகமாகக் கொடுக்க வேண்டுகிறோம். தவிர, பக்கத்துப் பள்ளிகளின் உபாத்தியாயர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடி, பிள்ளைகள் செய்த தப்புகளை மாத்திரம் முன்வைத்து, எந்த நினைப்பால் இந்தத் தப்பு வந்தது என்று பேசுவார்களானால், எந்தப் பயிற்சி முகாமும் அதற்கு ஈடாகாது.

நமது வாசகர்களில் பலர் கட்சிகளிலும் சங்கங்களிலும் பாடுபடுபவர்கள். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பெற்றோர் நிறைந்த மேலாண்மைக் குழு உண்டு. அக்கூட்டங்களில் சுற்றுச்சுவரைப் பற்றியும் குடிதண்ணீர்க் குழாயைப் பற்றியும் பேசுகிறார்கள், அவையும் அவசியம். கீழ்வேளூரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் உள்ள அன்பர்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியையும் கேட்கட்டும்: நம் பிள்ளைகள் 52லிருந்து 27ஐக் கழிக்கிறார்களே, அதை ஈர்க்கை வைத்து நமக்குச் செய்து காட்டுவார்களா? கைநாட்டு வைக்கும் தாயாரும் அதைப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்லிவிடுவாள்.

சம்பா அறுவடை முடிந்து களம் ஓய்ந்ததும், பரணில் கிடக்கும் பழைய மரக்கால், படி, உரி, உழக்கு, ஆழாக்கு யாவற்றையும் யாராவது ஒருவர் துடைத்து எடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று வாத்தியார் முதலில் சொல்லவேண்டாம். ஒரு கூடை நெல்லையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடட்டும். ஒரு வீட்டு மரக்காலும் மற்றொரு வீட்டு மரக்காலும் ஒரே அளவு கொள்கின்றனவா, எது குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்பதையும் அவர்களே அளந்து சொல்லட்டும்.